புகைக்குழாய்க்கும் ஆயுள் உண்டு

வீடு கட்டும்போது வாசல் எத்திசையில் அமைய வேண்டும், சன்னல் எத்தனை வைக்க வேண்டும் என்றெல்லாம் ஆய்ந்து பார்க்கிறோம். அடுப்பின் புகை எவ்வழியே வெளியேறும் என்று கேட்போர் மிகச் சிலரே. கேட்டுப் புகைக்குழாய் ஒன்றை வைத்தவர்களும் பின்னர் அதனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கோவளத்திலிருந்து நெம்மேலி வழியாக மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையூர்களில் இதனை மறப்பது பெரும் தவறாகும். எரிவாயு வந்த பின்னரும் வெந்நீருக்கும், நோன்புக் கஞ்சிக்கும், நிக்காஹ் விருந்துக்கும் விறகு எரிக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அங்குள்ள தகரக் குழாயை உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, கரியோடு கலந்து, அமிலக் கசிவாகி உள்ளிருந்தும் அரிக்கிறது. இறுதியில் குழாய் இருக்கிறது என்ற நிம்மதி மட்டுமே எஞ்சுகிறது. புகையோ ஓட்டை வழியே சமையலறைக்கே திரும்புகிறது.

அந்தப் புகை கண்ணை மட்டும் கரிக்கவில்லை. நுரையீரலையும் இதயத்தையும் அது தாக்குகிறது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாளும் அடுப்படியில் நிற்கும் பெண்களும், அவர்தம் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுமே இப்புகையை மிகுதியாகச் சுவாசிக்கின்றனர்.

இதற்குத் தீர்வு காண நம் நாடு முயலாமல் இல்லை. ஐதராபாத்தில் பொறியியல் ஆய்வாளர் எஸ்.பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்து, 1953இல் அதுபற்றிச் சிறுநூல் ஒன்றும் வெளியிட்டார். பின்னர் 1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002இல் அது முடிவுறும்வரை நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் அவற்றுள் பல, சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போயின.

ஏன் இவ்வாறு ஆயிற்று? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோவும் அவர்தம் தோழர்களும் ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். முதலாண்டில் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. அதன் பின்னர் அப்பயன் மறைந்தது. அடுப்புகள் பழுதுற்றன, மக்கள் அவற்றைச் செப்பனிடவில்லை, அவற்றைப் பயன்படுத்துவதையும் குறைத்துக்கொண்டனர். புகைக்குழாயைப் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை என்பதே அதன் படிப்பினை.

இங்கிலாந்தில் குடியேறிய நம்மவர் இதனை வேறு வகையில் அறிவர். அங்குள்ள பழைய வீடுகளின் செங்கல் புகைபோக்கிகளில், காலப்போக்கில் சுண்ணச் சாந்து அரிக்கப்பட்டு அடுத்த அறைக்குப் புகை கசியும். ஆதலால் அதனுள்ளே எஃகுக் குழாய் ஒன்றை இறக்குகின்றனர். அந்த உட்குழாயும் நிரந்தரமன்று. தேய்ந்ததும் அதனை உருவி எடுத்துப் புதியதை இறக்குகின்றனர். நம் வீட்டுச் சுவருக்குள் கட்டிய புகைபோக்கிக்கும் இம்முறை பொருந்தும்.

புதிதாகக் குழாய் வைப்போர் சிலவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். கடலோரத்தில் மெல்லிய தகரத்தைவிடச் சுட்ட மண் குழாயோ எவர்சில்வர் குழாயோ நெடுநாள் உழைக்கும். மேற்குழாயின் முனை கீழ்க்குழாயின் வாய்க்குள் இறங்குமாறு பொருத்தினால், கசிவு வெளியே வழியாது. வளைவுகள் குறைவாக இருத்தல் நலம். கூரைக்கு மேல் இரண்டடியேனும் குழாய் உயர்ந்து, மழை புகாதபடி மூடியும் இருக்க வேண்டும். சூடேறிய குழாய் ஓலையையோ மரத்தையோ தொடலாகாது. உள்ளே படிந்த கரி தீப்பற்றினால் கூரையும் பற்றிக்கொள்ளும்.

அடுப்பு மூட்டியதும் இணைப்புகளில் புகை கசிகிறதா, வாய்ப்புறமாகப் புகை திரும்புகிறதா என்று கவனியுங்கள். கரி அடைத்திருந்தால் அடுப்பு நன்கு ஆறிய பின் சுத்தம் செய்யுங்கள்; வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். கரி புற்றுநோய் விளைவிக்கும் என்பதை இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்பவர்களிடம் கண்டு 1775ஆம் ஆண்டிலேயே எழுதினார். துடைத்த பின்னும் கசிந்தால் குழாயை மாற்றிவிடுங்கள். களிமண் பூசி நாளைக் கடத்தாதீர்கள்.

பழைய அடுப்புகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாயே இருக்கிறது. அதன் தூசியும் புற்றுநோய்க்குக் காரணமாகும். அதனை அறுக்கவோ உடைக்கவோ சுரண்டவோ வேண்டாம். நனைத்து, முழுதாகக் கழற்றி அகற்றுவதே பாதுகாப்பு.

உறங்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வழி. அடைபட்ட குழாயுள்ள வீட்டில் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு எழுகிறது. தூங்குபவரை அது எழவே விடாது.

குடும்பத் தலைவர்களே! புகையைச் சுவாசிப்பவர் உங்கள் தாயும் மனைவியும் மகளும். கூரையேறிப் பார்க்க வேண்டியவரும், குழாய்க்குப் பணம் ஒதுக்க வேண்டியவரும் பெரும்பாலும் நீங்களே. நோன்பு மாதம் வருமுன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு சுண்ணாம்பு வாங்கும் முன் ஒருமுறை புகைக்குழாயைத் தட்டிப் பாருங்கள்.