கேபிளைப் பிடுங்கினாலும் காப்பி ஓடுது!

புனேயை ஒட்டிய பிம்ப்ரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகங்களுக்கு டை (அச்சு) வடிவமைக்கும் ஒரு சின்ன நிறுவனம். வெளியே பிரஸ் அடிக்கும் அடியில் தரை அதிர்கிறது. சர்வர் அறைக் கதவைத் திறந்தால் வேறு உலகம்! ஏசி குளிர், ஃபேன் இரைச்சல், படபடவென்று துடிக்கும் பச்சை விளக்குகள்.

"அண்ணே, முன்னாடி ஒண்ணுமில்ல, ரேக்குக்குப் பின்னாடி வாங்க" என்றார் சிஸ்டம் அட்மின், தென்காசித் தம்பி. அங்கேதான் ரகசியம். ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து நீலக் கேபிள் மேல் சுவிட்சுக்கும், மஞ்சள் கேபிள் கீழ் சுவிட்சுக்கும் போகின்றன. அலுவலகத்துக்குத் தெரிவதோ ஒரே ஐபி முகவரி! இரண்டு நெட்வொர்க் கார்டுகளை இப்படி ஒன்றாகக் கட்டுவதுதான் பாண்டிங்.

பெரிய கேட் (CAD) வரைபட ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டுவிட்டு, "நீலத்த நீங்களே புடுங்குங்கண்ணே" என்றார். நெஞ்சு அடித்துக்கொள்ள, பிடுங்கிவிட்டேன். காப்பி ஒரு கணம் தயங்கியது, பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடியது! திரையில் 'கரன்ட்லி ஆக்டிவ் ஸ்லேவ்' என்ற வரியில் நீலக் கேபிளின் ஈத்0 போய் மஞ்சளின் ஈத்1 வந்திருந்தது. கீழே ஈத்0-வின் 'லிங்க் ஃபெயிலியர் கவுண்ட்' 0-விலிருந்து 1 ஆகியிருந்தது. அந்த ஒற்றை இலக்கத்தைப் பார்த்து நான் கைதட்டியே விட்டேன்.

நடந்தது இதுதான். லினக்ஸ் இங்கே 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது. செத்தது தெரிந்ததும் அடுத்த கார்டு பொறுப்பேற்று, 'இந்த முகவரி இனி என் பக்கம்' என்று ஏஆர்பி செய்தி அனுப்புகிறது. நடுவில் தொலைந்த பாக்கெட்டுகளை டிசிபி மறுபடி அனுப்பிவிடுகிறது.

பாண்டிங்கின் பூர்வீகம் இன்னும் சுவை! 1994-இல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 பிராசஸர்களைச் சேர்த்து பெவுல்ஃப் கிளஸ்டரைக் கட்டினார்கள். 10 மெகாபிட் ஈதர்நெட் ஒன்று போதவில்லை. அதனால் கார்டுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். இதே புனேயில் சி-டாக் 1991-இல் உருவாக்கிய பரம் 8000-க்கு அந்தக் கவலை இல்லை: அதன் டிரான்ஸ்பியூட்டர் சிப் ஒவ்வொன்றிலும் நான்கு லிங்க்குகள் கூடவே பிறந்தவை.

பக்கத்து ரேக்கில் பேக்கப் சர்வர். நான்கு கேபிள், நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் எல்ஏசிபி முறை. நான்கு மடங்கு வேகம் என்று துள்ளினால், தம்பி இல்லையென்று தலையை ஆட்டினார். பாக்கெட்டுகள் வரிசை மாறக்கூடாது என்பதற்காக ஒரு இணைப்பு முழுக்க ஒரே கேபிளில்தான் போகும். ஆக ஒருவர் ஒரே ஃபைலை இழுத்தால் ஒரு கிகாபிட்தான், விநாடிக்கு 110 மெகாபைட்டை ஒட்டி. பல பேர் சேர்ந்து இழுக்கும்போதுதான் சுமை பிரியும். அதுவும் யார் எந்தக் கேபிளில் என்று முடிவு செய்யும் ஹாஷ் கணக்கில் எல்லாரும் ஒரே கேபிளில் விழாமல் இருந்தால்! நெட்வொர்க் வழியே டிஸ்க்காகத் தெரியும் ஐஸ்கசி வால்யூம்களுக்கு அவர் பாண்டிங்கைத் தொடுவதில்லை, ஒவ்வொரு கேபிளையும் தனிப் பாதையாகவே வைத்திருக்கும் மல்டிபாத்தான். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

உங்கள் ஆபீஸிலும் ஸ்டோரேஜ் இருந்தால், இரண்டு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகாதீர்கள். சுவிட்சே போனால் இரண்டும் போய்விடும். பிம்ப்ரிப் பக்கம் பல தொழிற்சாலைகளுக்கு வியாழன்தான் வார விடுமுறை. அப்படியொரு வேலையில்லாத நாளாகப் பார்த்து, ஒரு காப்பியைப் போட்டுவிட்டு, ஒரு கேபிளை நீங்களே பிடுங்கிப் பாருங்கள்.