அறியொணாக் கொள்கையும் விசுவாசத் தேடலும்: ஒரு கத்தோலிக்க நோக்கு

கடவுள் உண்டு என்றும் கூறாமல், இல்லை என்றும் கூறாமல், அதனை அறிய மனிதனுக்கு வழியில்லை என்று நின்றுவிடுவதே அறியொணாக் கொள்கை. இதனைக் குறிக்கும் 'அக்னாஸ்டிக்' என்னும் ஆங்கிலச் சொல்லை 1869-ஆம் ஆண்டில் புனைந்தவர் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி. ஆதித் திருச்சபைக் காலத்தில், பிறர் அறியாத மறைபொருள்களைத் தாம் அறிந்ததாகக் கூறிக்கொண்ட ஞானவாதிகளின் பெயருக்கு எதிர்ச்சொல்லாக அவர் அதனை அமைத்தார். 'அறியேன்' என்று சொல்லும் ஒருவர் தம்மிடம் வரும்போது, போதகர் அவரை விசுவாசத்தின் பகைவராகக் கருத வேண்டுமா, அல்லது வழியில் நிற்பவராகக் கருத வேண்டுமா? இவ்வினாவுக்கு உரோமன் கத்தோலிக்க மரபு தரும் விடையை ஆராய்வது நமக்கும் பயனுடையதாகும்.

ஹக்ஸ்லி இச்சொல்லைப் புனைந்ததற்கு மறு ஆண்டில், 1870 ஏப்ரல் 24 அன்று, முதலாம் வத்திக்கான் சங்கம் 'தேயி ஃபீலியுஸ்' என்னும் கொள்கை ஏட்டை வெளியிட்டது. படைப்புகளினின்று, மனித அறிவின் இயல்பான ஒளியால், கடவுளை உறுதியாக அறியக்கூடும் என்பது அதன் போதனை. ரோமர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தை அது ஆதாரமாகக் காட்டிற்று. மேலோட்டமாக நோக்கின், அறியொணாக் கொள்கைக்கு இங்கே கதவு அடைக்கப்பட்டதாகவே தோன்றும். ஆயினும் 'அறியக்கூடும்' என்றே சங்கம் கூறியது. எல்லா மனிதரும் அவ்வாறு அறிந்துவிடுகின்றனர் என்று கூறவில்லை. மேலும், விசுவாசம் அறிவின் முடிவாக மட்டும் எழுவதன்று, அது கிருபையின் ஈவு என்பதையும் அதே ஏடு வலியுறுத்துகிறது.

அவ்வாண்டிலேயே வெளிவந்தது ஜான் ஹென்றி நியூமன் எழுதிய 'ஒப்புதலின் இலக்கணம்' என்னும் நூல். ஆங்கிலிக்கன் குருவாயிருந்து, 1845-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், கருத்தளவில் ஒப்புக்கொள்ளுதல் வேறு, மெய்யாக ஒப்புக்கொள்ளுதல் வேறு எனப் பகுத்துக் காட்டினார். வாழ்வைத் தாங்கும் உறுதி ஒரே ஒரு நிரூபணத்தால் பிறப்பதில்லை. தனித்தனியே முடிவு தராத பல சான்றுகள் ஒருங்கே குவியும்போது பிறக்கிறது என்றார். ஆகவே, வாதத்தில் தோற்காத ஒருவர் விசுவாசத்திற்கு வெகு அருகில் இருக்கலாம். வாதத்தை ஏற்றுக்கொண்டவரும் அதற்குத் தொலைவில் இருக்கலாம்.

சீர்திருத்த மரபினராகிய நமக்கு இங்கே ஒரு தடை எழுவது இயல்பு. 1934-இல் கார்ல் பார்த், எமில் புருன்னருக்கு 'இல்லை!' என்ற தலைப்பிலேயே மறுமொழி எழுதி, இயற்கை இறையியலை முற்றிலும் மறுத்தார். கடவுள் தம்மை வெளிப்படுத்தினாலன்றி மனிதன் அவரை அறியான் என்பது அவர் துணிபு. இவ்விரு நிலைகளையும் ஏட்டளவில் எடைபோடுவதைவிட, ஒருவர் வாழ்வில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும்.

சிமோன் வேய் என்னும் பிரெஞ்சு மெய்யியலாளர் 1909-இல் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, அறியொணாக் கொள்கையினராகவே வளர்ந்தார். கடவுளைப் பற்றிய வினாவுக்கு விடைகாணத் தேவையான சான்றுகள் இவ்வுலகில் கிடைக்கமாட்டா என எண்ணி, அதனை எழுப்பாமலே விட்டிருந்ததாகவும், தாம் கடவுளைத் தேடியதே இல்லை என்றும் அவர் பின்னாளில் எழுதினார். தொழிற்சாலையில் உழைத்துத் தொழிலாளரின் துயரைத் தம் உடலில் அறிந்தவர் அவர். 1937-இல் அசிசி நகரச் சிற்றாலயம் ஒன்றில், தம்மினும் வலிய ஏதோவொன்று தம்மை முழந்தாளிடச் செய்ததாக உணர்ந்தார். 1938-இல் சொலேம் மடத்தில் பரிசுத்த வாரத்தைக் கழித்தபோது, ஆங்கிலக் கவிஞர்களின் படைப்புகள் அவருக்கு அறிமுகமாயின. ஆங்கிலிக்கன் குருவாகிய ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 'அன்பு' என்னும் பாடலை மனப்பாடம் செய்து, கடுந்தலைவலியின் நடுவே சொல்லிவந்தார். அது தம்மை அறியாமலே ஜெபமாயிற்று என்றும், அவ்வேளைகள் ஒன்றில் கிறிஸ்துவே தம்மை ஆட்கொண்டார் என்றும் சாட்சி பகர்ந்தார்.

இங்கே பார்த் வலியுறுத்திய உண்மை விளங்குகிறது: வந்தவர் கடவுள்; மனிதர் ஏறிச் சென்று அவரைப் பிடிக்கவில்லை. எனினும் வேய் வெறுமையாக இருந்தவரல்லர். உண்மையின்மேல் வைத்த நேர்மையும், பிறர் துன்பத்தின்மேல் வைத்த கவனமும் அவரை ஆயத்தப்படுத்தியிருந்தன. 1942-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, பாடத்தில் செலுத்தும் முழுக் கவனமே ஜெபத்திற்குப் பயிற்சியாகும் என மாணவருக்கு எடுத்துரைக்கிறது. இயல்பும் கிருபையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை எனக் கத்தோலிக்கர் கூறுவதன் பொருள் இதுவே.

ஆயினும் வேய் திருச்சபையில் முறைப்படி சேரவில்லை. தொமினிக்கன் குருவாகிய பெரெனுக்கு எழுதிய கடிதங்களில், வெளியே நிற்கும் திரளான மக்களைவிட்டுப் பிரிய மனமில்லை என்றார். கொள்கை மாறுபட்டோரைச் சபித்து விலக்கும் வழக்கத்தையும் தடையாகக் குறிப்பிட்டார். 1943 ஆகஸ்டில், தம் 34-ஆம் வயதில், இங்கிலாந்தின் ஆஷ்ஃபோர்ட் நகரில் மரித்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இத்தகையோரை மனத்திற்கொண்டே பேசிற்று எனலாம். தம் குற்றமின்றிக் கடவுளைத் தெளிவாக அறியாதிருந்தும் நேர்மையாக வாழ முயல்வோருக்கு மீட்புக்கு வேண்டிய துணையைக் கடவுள் மறுப்பதில்லை என 1964-இல் அது அறிவித்தது. 1965-இல், விசுவாசிகளே தம் வாழ்க்கைக் குறைகளால் கடவுளின் முகத்தை மறைத்து, அவிசுவாசம் தோன்றக் காரணமாகக்கூடும் என ஒப்புக்கொண்டது. 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், அறியொணாக் கொள்கையில் தேடலும் இருக்கக்கூடும், வாழ்வின் இறுதி வினாவிலிருந்து தப்பியோடும் அலட்சியமும் இருக்கக்கூடும் எனப் பகுத்துரைக்கிறது.

இப்பகுப்பே போதகருக்கு உதவுவது. 'அறியேன்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மறுப்புரை தொடுக்காமல், அச்சொல்லுக்குப் பின்னால் ஏக்கம் உள்ளதா, அலட்சியம் உள்ளதா என்று முதலில் செவிகொடுத்து அறிதல் வேண்டும். அலட்சியமாயின், வினாவை விழிப்பூட்டுதல் நம் பணி. ஏக்கமாயின், அதனை அவசர விடைகளால் அடைத்துவிடாமல் உடன் நிற்பது நம் பணி. ஏதென்ஸில் பவுல், அறியப்படாத தேவனுக்கென நின்ற பலிபீடத்தை இகழவில்லை. அதினின்றே தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அங்கு நிற்போர் நம்மையும் நம் சபைகளையும் நோக்கும்போது அவர்கள் காண்பது எது என்பதை நாம் ஒவ்வொருவரும் ஆராய்வோமாக.