காத்திவாக்கத்து வானும் கணிப்பொறியின் கணக்கும்

காத்திவாக்கம் இரயில் நிலைய நடைமேடையில் மார்கழிக் காலையில் நிற்போர், கிழக்கே கடலின்மீது எழும் கதிரவன் ஒளி மழுங்கிச் செப்புத் தட்டெனத் தோன்றுவதைக் கண்டிருப்பர். பனி என்பார் சிலர். புகை என்பார் சிலர். இருவர் கூற்றும் ஒருவாறு மெய்யே. கடலுப்பு, புழுதி, நிலக்கரிச் சாம்பல், ஊர்திகள் உமிழும் கரி, கந்தகப் புகையிலிருந்து பிறக்கும் சல்பேட் ஆகியன கண்ணுக்குப் புலனாகாத துகள்களாய்க் காற்றில் மிதக்கின்றன. 'ஏரோசால்' என அறிவியலார் வழங்கும் இந்நுண்துகள்களுள் பல ஈரத்தை ஈர்த்துப் பருக்கும். பருத்தபின் ஒளியை முன்னினும் மிகுதியாகச் சிதறடிக்கும்.

மூச்சுக்கு ஊறு செய்வதோடு இவை அமைவதில்லை. கரியமில வாயு புவியைச் சூடாக்க, இவை பெரும்பாலும் கதிரொளியைத் திருப்பியனுப்பிக் குளிர்விக்கின்றன. எவ்வளவு? ஐ.நா. காலநிலைக் குழு 2021இல் தந்த விடை, சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்பது. ஆயினும் அது 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம் என அக்குழுவே கூறிற்று. புவி இனி எவ்வளவு வெம்மையுறும் என்னும் வினாவிற்கு விடை இவ்வையத்திலும் சிக்கிக் கிடக்கிறது.

ஐயம் தீர்க்க அறிவியலார் இரு சான்றுகளை எதிரெதிரே நிறுத்துகின்றனர். ஒன்று கணிப்பொறியில் இயங்கும் காலநிலை மாதிரி. அது வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, எவ்விடத்தில் எவ்வளவு புகை எழுகிறது என்னும் பட்டியலைக் கொண்டு, துகள்கள் காற்றோடு செல்வதையும் மழையில் கழுவப்படுவதையும் கணக்கிடும். உலக மாதிரி ஒன்றின் கட்டம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலமுடையது. காத்திவாக்கமும் எண்ணூர்க் கழிமுகமும் திருவள்ளூர் வயல்களும் வங்கக் கடலின் ஒரு பகுதியும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடும். அனைத்திற்கும் ஒரே எண்!

மற்றொன்று செயற்கைக்கோள். அது தருவது 'ஒளியியல் தடிமன்' என்னும் அளவு. அதன் மதிப்பு 1 எனில், உச்சிக் கதிரவனின் நேரொளியில் 37 விழுக்காடே துகள்களைக் கடந்து தரை சேரும். செயற்கைக்கோள் கண்டதாக எளிதிற் கூறிவிடுகிறோம். அது கண்டது மேலே திரும்பிய ஒளியை மட்டுமே. அதில் தரையின் பங்கைக் கழித்துத் துகளின் பங்கை உய்த்துணர வேண்டும். இருண்ட கடலின்மேல் இஃது எளிது. வெண்மணலும் சாம்பலும் பரந்த கரையில் அரிது. மேகம் மூடினால் அந்நாளின் அளவே இல்லை. ஆகவே இச்சான்றும் பாதி கணக்கே.

இவ்விரண்டையும் நம் கடல்மேல் இணைத்துப் பார்த்த முயற்சி 1999இன் இந்தியப் பெருங்கடல் ஆய்வு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதனும் பால் குருட்சனும் அதற்குத் தலைமை ஏற்றனர். வில்லியம் காலின்சும் குழுவினரும் நோவா-14 செயற்கைக்கோளின் அளவுகளைக் கொண்டு தம் மாதிரியை அவ்வப்போது திருத்தினர். பின்னர் மாலத்தீவின் காஷிதூவில் வைத்த சூரிய ஒளிமானியுடன் அதனை ஒப்பிட்டனர். மூன்றாம் சான்றாகிய அத்தரைக்கருவி இல்லையேல் முன்னிரண்டில் பிழைபட்டது எதுவென்று எங்ஙனம் அறிவது?

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஏழு மாதிரிகளைத் தெற்காசியாவின்மீது சோதித்தது. குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியில் செயற்கைக்கோள் காட்டியதினும் மாதிரிகள் குறைவான துகளையே காட்டின. மாதிரிகளின் காற்று மெய்க்காற்றினும் உலர்ந்திருந்தது, துகள்கள் பருக்கவில்லை. நைட்ரேட் சிலவற்றில் இடம்பெறவேயில்லை. வயலிலும் அடுப்பிலும் எரிவது பட்டியலில் குறைந்திருந்தது. மார்கழி நடைமேடையின் 'பனியா, புகையா' வழக்கு இங்கும் தொடர்கிறதன்றோ?

பட்டியலின் பிழை எளியதன்று. கீழைச் சீனத்தில் 2006க்குப்பின் துகள் குறைந்துவந்ததைச் செயற்கைக்கோள்கள் காட்ட, மாதிரிகள் பல அது பெருகுவதாகவே காட்டின. புகை குறைந்த செய்தி பட்டியலைச் சரிவரச் சேரவில்லை. நம் ஊரிலும் இதனை எண்ணிப் பார்க்கலாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டுப் பட்டியலைக் கொண்டு இயங்கும் மாதிரியில் அதன் புகைபோக்கி இன்றும் புகைந்துகொண்டிருக்கும்.

ஒப்பிடும் முறையிலும் கவனம் தேவை. டெர்ரா செயற்கைக்கோள் முற்பகல் பத்தரை மணியளவில் கடந்து செல்லுமாறு அனுப்பப்பட்டது. அதனோடு ஒப்பிட மாதிரியின் நாள்முழுச் சராசரியை எடுத்தல் தவறு. அதே நேரத்தில், மேகமற்ற இடத்தில் மட்டும் எடுத்தல் வேண்டும். அங்ஙனம் எண்கள் ஒத்துவந்தாலும், தரை முதல் வானுச்சி வரை நிற்கும் துகள்களின் கூட்டுத்தொகையே ஒத்தது எனலாம். காலை ஆறரை மணிக்கு, கடற்காற்று எழுமுன், மூடுபனியின் கீழே நடைமேடையில் நிற்பவர் இழுக்கும் மூச்சில் அதன் எப்பங்கு புகுகிறது என்பதை அவர் அருகே தரையில் நிறுவிய கருவியே அளந்து கூறும்.