மரம் வளர்கிறது, வைரம் பாய்கிறதா?

புது தில்லி: காற்றில் கரியமில வாயு பெருகினால் மரங்கள் விரைந்து வளரும் என்பது பரவலான நம்பிக்கை. விரைந்து வளரும் மரம் அதே உறுதியோடு இருக்குமா என்ற கேள்வியோ, உலக நாடுகள் முன்னிலையில் இந்தியா அளித்த வாக்குறுதியையே தொடுகிறது.

காடுகளையும் மரங்களையும் பெருக்கி, 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்ப்பதாக 2015-இல் மத்திய அரசு உறுதியளித்தது. 2005-ஆம் ஆண்டுடன் ஒப்பிட்டால் 229 கோடி டன் ஏற்கெனவே எட்டப்பட்டுவிட்டதாக, 2024 டிசம்பரில் வெளியான இந்திய வன நிலை அறிக்கை கூறுகிறது.

மரங்களில் உள்ள கரிமத்தைக் கணக்கிடும் முறை எளிதானது. மரத்தின் கன அளவை, அந்த இனத்துக்கு நூல்களில் குறிக்கப்பட்டுள்ள அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். அடர்த்தி குறைந்தால், அடிமரம் பருத்துத் தெரிந்தாலும் அதில் தங்கும் கரிமமும், அது தாங்கும் பாரமும் குறையும்.

ஐரோப்பா தரும் பாடம்

இந்த ஐயம் கற்பனையானதல்ல. ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மத்திய ஐரோப்பாவின் நான்கு முக்கிய மர இனங்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். 1900-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் மரங்களின் வளர்ச்சி வேகம் கூடியிருந்தது. அடர்த்தியோ 8 முதல் 12 சதவீதம் குறைந்திருந்தது. வெப்பம் உயர்ந்து வளர்பருவம் நீண்டதும், காற்றின் வழியே மண்ணில் நைட்ரஜன் மிகுந்ததும் முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன.

மண் இடம் கொடுக்காவிட்டால், கரியமில வாயு பெருகினாலும் வளர்ச்சி கூடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் நிற்கும் முதிர்ந்த யூகலிப்டஸ் மரங்களுக்குக் கூடுதல் வாயுவைச் செலுத்தி நடத்தப்பட்ட சோதனையில், அடிமர வளர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை. ஆக, வளமான மண்ணில் மரம் பருத்தும் இலகுவாகலாம். வளமற்ற மண்ணில் எதிர்பார்த்த வளர்ச்சியே கிட்டாமல் போகலாம்.

ஆனைகட்டியில் என்ன?

இந்தியாவில் இதனை அளந்து பார்க்க ஏற்ற இடங்களில் ஒன்று, தமிழக - கேரள எல்லையிலுள்ள ஆனைகட்டி. இங்கிருந்து மேற்கே பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி விரிகிறது. அதன் மேற்குப் பகுதியில் பெருமழை; ஆனைகட்டியை ஒட்டிய கிழக்குப் பகுதியோ மழைமறைவு நிலம். சில பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் ஈரக்காடும் வறண்ட காடும், செழித்த மண்ணும் அரிக்கப்பட்ட மண்ணும் அமைந்துள்ளன. எல்லா மரங்களும் சுவாசிப்பது ஒரே காற்றைத்தான். எனவே மண்ணும் நீரும் செய்யும் மாற்றத்தைப் பிரித்தறிய முடியும்.

காடழிந்து தரிசான அட்டப்பாடியை மீட்க 1996-இல் ஜப்பான் கடனுதவியுடன் தொடங்கிய திட்டத்தில் மரங்கள் நடப்பட்டன. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் வாழ்வு இந்த நிலத்தைச் சார்ந்தது. எந்த மரம் நடுவது என்ற முடிவு அவர்களையும் பாதிக்கும்.

மண்ணின் குணம் மரத்தில் தெரியும் என்பதற்கு இடுக்கி மாவட்டத்து மறையூர் சந்தனக்காடு நல்ல சான்று. அதுவும் மழைமறைவுப் பகுதியே. வறண்ட சரளை நிலத்தில் மெல்ல வளரும் சந்தனத்தில் வைரம் நன்கு பாயும் என்பதும், செழித்த மண்ணில் விரைந்து வளர்வதில் வெளிறே மிகும் என்பதும் வனத்துறையினர் நெடுங்காலமாக அறிந்தவை.

பணம் உண்டு, அளவீடு?

ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம் 2016-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2019 ஆகஸ்டில் மட்டும் 27 மாநிலங்களுக்கு ரூ.47,436 கோடி வழங்கப்பட்டது. எத்தனை ஹெக்டேர், எத்தனை லட்சம் கன்றுகள் என்ற கேள்விகள் அவையில் வழக்கமாக எழுகின்றன. வளர்ந்த மரத்தின் அடர்த்தி என்ன என்பதும் அவற்றோடு சேர வேண்டும்.

இதற்கு மரத்தை வெட்டத் தேவையில்லை. பென்சில் பருமனுள்ள துண்டைத் துளையிட்டு எடுத்தால், ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும் இனங்களில் வளர்ச்சி வரலாற்றையும் அடர்த்தியையும் ஒருங்கே அறியலாம். கோவையில் வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனமும், திருச்சூர் அருகே பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. இரு மாநிலங்களும் கைகோத்தால் எல்லைக் காட்டிலேயே பணியைத் தொடங்கலாம்.

2030-க்கு நாள்கள் அதிகமில்லை. பசுமைப் பரப்பைச் செயற்கைக்கோள் காட்டிவிடும். மரத்தின் வைரத்தை அது காட்டாது.