தேர்வு பெற்றும் ஓடாத கால்கள்

ஒரே ஒரு பெண் தனியொரு அணியாக வந்து, ஒரு நாட்டின் அணிப் பட்டத்தையே வென்று சென்ற நிகழ்ச்சி விளையாட்டு வரலாற்றில் உண்டு. 1932ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த எவன்ஸ்டன் நகரில் பெண்களுக்கான தேசியத் தடகளப் போட்டி நடைபெற்றது. அவ்வாண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் நிகழவிருந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு வீராங்கனைகளைத் தெரிந்தெடுத்த களமும் அதுவே.

டெக்சாஸ் மாநிலக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்தவர் 'பேப்' டிட்ரிக்சன் ஒருவரே. நார்வேயிலிருந்து குடியேறிய எளிய பெற்றோரின் மகள் அவர். குண்டு எறிதல், ஈட்டி எறிதல், பேஸ்பால் எறிதல், நீளம் தாண்டுதல், 80 மீட்டர் தடை ஓட்டம் ஆகிய ஐந்திலும் முதலிடம் பெற்றார்; உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலியுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவர் ஒருவர் பெற்ற புள்ளிகள் 30. இரண்டாமிடம் பெற்ற இல்லினாய் மகளிர் கழகத்தினர் அனைவரும் சேர்ந்து பெற்றவை 22. உழைப்புக்கு இறைவன் அளித்த வெகுமதி என்று நாம் மகிழலாம்.

ஆயின், அதே களத்தில் ஓடிய வேறு இரு பெண்களையும் நாம் நினைவுகூர வேண்டும். டைடி பிக்கெட்டுக்கு அப்போது வயது 17. லூயிஸ் ஸ்டோக்ஸுக்கு 18. இருவரும் கறுப்பினத்தவர். தங்கள் கால்களின் வேகத்தாலேயே ஒலிம்பிக் அஞ்சல் ஓட்டக் குழுவில் இடம் பெற்றனர். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுள் இத்தகுதியை முதன்முதல் அடைந்தவர்கள் இவர்களே.

லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் வழியில் குழுவினர் டென்வர் நகரில் தங்கினர். மற்றவர்கள் விருந்து மண்டபத்தில் அமர்ந்து உண்ண, இவ்விருவருக்கும் ஒதுக்குப்புறமான அறையிலேயே உணவு தரப்பட்டது. பந்தய நாளிலோ இவர்களுக்குப் பதிலாக வெள்ளையினப் பெண்கள் ஓடினர். அக்குழு உலக சாதனையுடன் தங்கப் பதக்கம் வென்றது. தேர்வு பெற்ற இருவரும் ஓடாமலே வீடு திரும்பினர்.

பிக்கெட் மனம் தளரவில்லை. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் 80 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். ஒலிம்பிக் களத்தில் ஓடிய முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் அவரே. அரையிறுதியில் தடையில் மோதிக் காலில் காயமுற்றார், பதக்கம் கிட்டவில்லை. பின்னர் ஆசிரியப் பணியை ஏற்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பள்ளியின் தலைமைப் பொறுப்பை வகித்தார். 1980இல் அவர் ஓய்வு பெற்றபோது அப்பள்ளிக்கு அவருடைய பெயரையே சூட்டினர்.

அன்பார்ந்த வாசகர்களே! கிறிஸ்தவ வாழ்வைப் புனித பவுலடியார் ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டார். அப்பந்தயத்தில் பிறப்பைப் பார்த்து யாரையும் ஓரமாய் நிறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. பாடகர் குழுவுக்கும், பீடப் பணிக்கும், திருவிழாப் பொறுப்புகளுக்கும் ஆள் தெரிந்தெடுக்கும் நாம், யாரையேனும் தனி அறையில் உண்ண வைத்திருக்கிறோமா? இன்று இரவு குடும்பச் செபத்தின் பின் இக்கேள்வியை நம் பிள்ளைகள் முன்னிலையிலேயே கேட்டுப் பார்ப்போம்.