ஓடையும் கூரையும் யார் கணக்கில்?

சப்ரகமுவ மலைகளுக்குத் தூய மின்சாரம் புதிய செய்தி அல்ல. தேசிய மின்கம்பி எட்டிப்பார்ப்பதற்கு முன்பே மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல, ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, சுழலியை ஓட்டி, தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டன. 1950இல் லக்‌ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, அதன் கம்பிகள் தோட்டங்களை எட்டியதும் அந்தச் சிறு சுழலிகள் துருப்பிடித்தன. தொழிற்சாலையில் மின்விளக்கு எரிந்த அந்த நாட்களில் லயத்துக் காம்பராவில் எரிந்தது குப்பி விளக்குதான். இன்று சூரியப் பலகைகளும் சிறு நீர்மின் திட்டங்களும் நாடெங்கும் பேசப்படுகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்ட மக்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அங்கிருந்தே தொடங்குகிறது: நம் மலையில் பிறக்கும் மின்சாரத்தில் நமக்கு என்ன பங்கு?

கூரையிலிருந்தே பார்க்கலாம்.

2016 செப்டெம்பரில் அரசு 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக் கூரையில் பலகை பொருத்தி, மிஞ்சும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்க அது வழிசெய்தது. ஆரம்பத்தில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபாவும், அதன் பின் 15.50 ரூபாவும் தருவதாகச் சொல்லப்பட்டது. பிறகு வந்தவர்களுக்கு இந்த விலை பலமுறை மாறியது. இதற்கிடையே 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. ஒரு மாதத்தில் சில பத்து அலகுகள் மட்டுமே பாவிக்கும் வீடுகளைத்தான் அந்த உயர்வு அதிகம் வாட்டியது. சூரிய சக்தி முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது அந்த வீடுகளுக்கு.

போய்ச் சேரவில்லை. பலகை பொருத்தச் சொந்தக் கூரை வேண்டும், சொந்தப் பெயரில் மின்பட்டியல் வேண்டும். தோட்டத்திலோ காணி அரசுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போய், பின்னர் அது 2045 வரையான குத்தகையாயிற்று. நான்கு தலைமுறை வாழ்ந்த காம்பராவின் கூரைகூடத் தோட்டத்தின் கணக்கில்தான் இருக்கிறது. மின்னிணைப்பு எடுக்கவே நிர்வாகத்திடம் கடிதத்துக்கு அலைவது மலையகம் அறிந்த கதை. ஆகவே காணி உறுதி கேட்பதும் சூரியப் பலகை கேட்பதும் இரண்டு போராட்டங்கள் அல்ல. ஏழு பேர்ச் காணியிலோ இந்திய வீடமைப்புத் திட்டத்திலோ வீடு பெற்ற குடும்பங்கள், உறுதியும் தம் பெயரில் மின்பட்டியலும் கைக்கு வரும்வரை விடாமல் கேட்க வேண்டும்.

லயத்துத் தகரக் கூரை பலகையின் பாரத்தைத் தாங்குமா என்பது நியாயமான கேள்வி. பல இடங்களில் தாங்காது. அதனால் ஆளுக்கொரு பலகை என்று கேட்பதைவிட, எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆலை என்று கேட்பது புத்திசாலித்தனம். இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1997 முதல் 2011 வரை உலக வங்கியின் உதவியோடு நடந்த இரண்டு திட்டங்களின் கீழ் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமிய நீர்மின் அமைப்புகள் உருவாயின. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பல. கிராமத்தவர்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டி, மாதப் பணம் வசூலித்துத் தாங்களே நடத்தினார்கள். தேசியக் கம்பி வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன என்பதையும் மறைக்கக் கூடாது. கம்பி வரும்போது உள்ளூர் ஆலையை அதனோடு இணைக்கும் ஏற்பாட்டை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

தமிழ்நாட்டில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊரின் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று அந்தக் கடனை அடைத்தது. ஒரு ஊராட்சியால் முடிந்தது, தோட்டங்களில் ஏற்கெனவே உள்ள தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களால் முடியாதா? முடியும். அதற்குச் சட்டமும் முதலும் வழிவிட வேண்டும்.

யாரிடம் கேட்பது? 1987இன் 13ஆவது திருத்தத்தில் மாகாண சபைகளுக்குரிய அதிகாரப் பட்டியலில் மின்சாரமும் இருக்கிறது. நீர்மின்சாரமும் தேசிய வலையமைப்புக்குப் போகும் மின்சாரமும் நீங்கலாக, மாகாணத்துக்குள் மின் உற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் மாகாண சபை மேம்படுத்தலாம். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபைக்கு உட்பட்டவை. அவற்றின் கூரை கம்பனியுடையது அல்ல; அங்கே மின்கலத்தோடு சூரியப் பலகை வைக்க மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சப்ரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை, நிர்வாகம் ஆளுநர் கையில். கேட்பதற்கு உறுப்பினர் இல்லாத மாகாணத்தில் ஆளுநருக்கும் பிரதம செயலாளருக்கும் எழுத்தில் கொடுக்கும் மனுவுக்கு முன்னைவிட மதிப்பு அதிகம். பிரதேச சபையையும் விடக் கூடாது. தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. 2025 மே தேர்தலில் சபைகளுக்குப் புதிய உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். தெருவிளக்கையும் பிள்ளை மடுவத்துக் கூரையையும் அவர்களிடம் கேட்கலாம். 2025 ஏப்ரலில் இந்திய உதவியோடு 25 மாவட்டங்களிலும் 5,000 வணக்கத் தலங்களுக்குச் சூரியப் பலகை வழங்கும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. வணக்கத் தலங்களுக்கு வழி கண்ட அரசால் பிள்ளை மடுவத்துக்கும் வழி காண முடியும்.

பசுமை என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லதும் அல்ல. 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி 50 மெகாவாட்டைத் தாண்டும் நீர்மின் நிலையங்களுக்கே சூழல் தாக்க மதிப்பீடு பொதுவாகக் கட்டாயம். பத்து மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு திட்டங்கள், காட்டோரம் போன்ற உணர்திறன் மிக்க இடங்களில் அமைந்தாலன்றி, அந்த வலையில் சிக்குவதில்லை. தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பினால் இடையில் ஓடை வற்றும். குளிக்கும் பீலியும் குடிதண்ணீர்க் குழாயும் அதோடு போகும். சிங்கராஜ வனத்தை ஒட்டிய கொஸ்குலன ஓடைத் திட்டமும் சூழலியலாளர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும், அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் போயின. அது மழையின் வேலை, நீர்மின் திட்டத்தின் வேலை அல்ல. ஆனால் அப்படிப்பட்ட சரிவுகளில் வாய்க்கால் வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொன்னது என்று கேட்கும் உரிமை கீழே குடியிருப்பவர்களுக்கு உண்டு.

அந்தக் கேள்விக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்கோ, நிலைபேறான வலுசக்தி அதிகாரசபைக்கோ, மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "ஓடையில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?" என்று குறிப்பாகக் கேட்டால் பதிலைத் தட்டிக்கழிப்பது கடினம்.

வேலை விஷயத்துக்கு வந்தால், கிளிசிரிடியா 2005இலேயே தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. தேயிலை காயவைக்கும் அடுப்புகளுக்கு அதன் தடி விறகு, மலைக்கு அதன் இலை உரம். வெட்டிக் கட்டிக் கொடுக்கும் பெண்களுக்கு எடைக்கேற்ற நியாயமான விலை கேட்கலாம். சூரியப் பலகை பொருத்தவும் லயத்துப் பழைய வயர்களை மாற்றி ட்ரிப் சுவிட்ச் போடவும் தேர்ந்த கைகள் தேவை. மின்கசிவால் எரிந்த லயங்களின் வரிசை அதற்குச் சாட்சி. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் மின்னியல் பயிற்சி தோட்டத்து இளைஞருக்குத் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது மாகாண அளவில் முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை. வேலைக்குச் சேர்ந்தபின், ஒப்பந்தக்காரர் நாட்கூலியோடு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். மலையில் கொழுந்து பறிப்பவருக்குள்ள இந்த உரிமை, கூரையில் பலகை பூட்டுபவருக்கும் அப்படியே உண்டு. கட்டாத முதலாளிமீது மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.