"வராது" அல்ல, "இன்னும் வரவில்லை"



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள் காலை. திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, ஆலய முற்றத்தில் ஒரு தாய் தம் மகனோடு நின்றுகொண்டிருந்தார். மகனுக்குக் கணிதத்தில் 22 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

"இவனுக்குக் கணக்கு வராது சாமி. இவங்க அப்பாவுக்கும் வராது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில சேத்துவிட ஆள் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை ஜெபம் பண்ணி அனுப்பி வைங்க" என்றார். பையன் தலை நிமிரவே இல்லை.

அந்தத் தாய் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பவர். எனவே அவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "முதல் முதலா சுளகை மடியில வச்ச அன்னிக்கு எத்தனை பீடி சுத்துனீங்கம்மா?"

"அன்னிக்கா? முப்பது கூட வரல சாமி. அதுலயும் பாதியைக் கழிச்சுப் போட்டாங்க."

"இப்ப?"

"உடம்பு நல்லா இருந்தா ஆயிரம் சுத்துவேன்."

"அப்படின்னா அன்னிக்கு உங்கம்மா, 'இவளுக்குப் பீடி வராது'ன்னு சுளகைப் பிடுங்கிட்டாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பையன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"கணக்கு வராது", "இங்கிலீஷ் வராது", "பாட்டு வராது". இந்த "வராது" என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம்! ஏதோ மழை வராது என்பதுபோல, அது நம் கையில் இல்லாத காரியம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இச்சொல் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே பூட்டிவிடக் கூடும். அதைப் பற்றித்தான் இன்று சிறிது சிந்திப்போம்.

இருவகை மனநிலைகள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கரோல் டுவெக், மனிதர் தம் திறமையைப் பற்றி எவ்வாறு நினைக்கிறார்கள் என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 2006-ல் வெளியான தம் நூலில் அவர் இருவகை மனநிலைகளை விளக்கினார். அறிவும் திறமையும் பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டவை, அவை மாறா என்று நினைப்பது ஒன்று. அதை நிலைத்த மனநிலை எனலாம். முயற்சி, நல்ல வழிமுறை, பிறரின் உதவி ஆகியவற்றால் திறமையை வளர்க்க முடியும் என்று நம்புவது மற்றொன்று. அது வளரும் மனநிலை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தோல்வியின்போதுதான் வெளிப்படுகிறது. முதல் வகையினருக்குத் தோல்வி ஒரு தீர்ப்பு. "நான் இவ்வளவுதான்" என்று அது சொல்வதாக அவர்கள் எண்ணுகிறார்கள். இரண்டாம் வகையினருக்குத் தோல்வி ஒரு செய்தி. "இந்த இடத்தில் இன்னும் கற்க வேண்டியுள்ளது" என்று அது சுட்டிக்காட்டுகிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஒரு பாடத்தில் தேறாத மாணவருக்குத் "தோல்வி" என்று எழுதாமல் "இன்னும் இல்லை" என்று எழுதிக் கொடுப்பதை டுவெக் வியந்து குறிப்பிட்டிருக்கிறார். நம் தமிழில் "வராது" என்பதற்குப் பதில் "இன்னும் வரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். பூட்டிய கதவு சற்றே திறக்கிறது அல்லவா?

எதைப் பாராட்டுகிறோம்?

பிள்ளைகளை ஏசுவதுதான் அவர்களைக் கெடுக்கும் என்று நினைக்கிறோம். பாராட்டும் கெடுக்கலாம் என்றால் நம்புவீர்களா? 1998-ல் கிளாடியா முல்லர் என்பவரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம், "நீ மிகவும் புத்திசாலி" என்றார்கள். வேறு சிலரிடம், "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். வேறுபாடு இந்த ஒரு வாக்கியம்தான்.

அடுத்து எவ்விதப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் பெரும்பாலோர் எளிதானதையே நாடினர். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களோ புதிதாகக் கற்றுத்தரும் கடினமானதைக் கேட்டனர். பின்னர் எல்லாருக்கும் மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தார்கள். அதன்பின் மீண்டும் எளிதானவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலிகளின் மதிப்பெண் முன்பைவிடக் குறைந்தது. உழைப்பாளிகளின் மதிப்பெண் கூடியது. இன்னொன்றும் நடந்தது. தம் மதிப்பெண்ணை வேறு பள்ளி மாணவருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 4 பேர் கூட்டி எழுதினார்கள். "புத்திசாலி" என்ற பட்டத்தைக் காப்பாற்ற அந்தப் பிஞ்சு உள்ளங்கள் பொய் சொல்லவும் துணிந்தன.

பெற்றோரே, சிந்திப்போம். முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கும் நாம் ஒரு சுமையை ஏற்றி வைக்கிறோமோ?

சிறுவர்களோடு அமர்ந்த மாணவர்

புனித லொயோலா இஞ்ஞாசியாரை நாம் அறிவோம். 1521-ல் பாம்பலோனா போரில் குண்டடிபட்டு, வாழ்வு மாறியவர். அவர் படிக்கத் தொடங்கிய கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. 1524-ல் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணத்தை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 33. படிக்க உட்கார்ந்தால் மனம் வேறு பக்கம் ஓடியது. அப்போது அவர் ஆசிரியரிடம் சென்று ஒரு வாக்குறுதி கொடுத்தார். உயிர்வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை, இரண்டு ஆண்டுகள் ஒரு வகுப்பையும் தவறவிடமாட்டேன் என்றார்.

அதன்பின் அல்காலா சென்று, பல பாடங்களை ஒரே நேரத்தில் அவசர அவசரமாகப் படித்தார். 1528-ல் பாரிசு சென்றபோதுதான் தம் அடித்தளம் சரியில்லை என்பதை உணர்ந்தார். என்ன செய்தார் தெரியுமா? மீண்டும் கீழ் வகுப்பில், சிறுவர்களோடு அமர்ந்து, தொடக்கத்திலிருந்து படித்தார். நாற்பதைத் தாண்டிய வயதில் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னாளில் அவர் நிறுவிய சபை உலகெங்கும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்துகிறது. கீழ் வகுப்புக்குத் திரும்ப அவர் வெட்கப்பட்டிருந்தால்?

ஏழு கோடுகளும் சில புள்ளிகளும்

அன்றாடம் சிறிது சிறிதாக முன்னேற ஒரு வழியையும் இஞ்ஞாசியார் விட்டுச் சென்றுள்ளார். 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த "ஆன்மீகப் பயிற்சிகள்" நூலில் அது உள்ளது. திருந்த வேண்டிய ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள். காலையில் எழுந்ததும் அதை நினைவில் கொள். நண்பகல் உணவுக்குப் பின்னும், இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை தவறினாய் என்று எண்ணிப் பார்த்து, அத்தனை புள்ளிகளைக் கோட்டில் குறி. வாரத்தின் ஏழு நாள்களுக்கும் கோடுகள் உண்டு. மாலைப் புள்ளிகளைக் காலைப் புள்ளிகளோடும், இன்றையதை நேற்றையதோடும், இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார். இதுவே அந்த முறை.

இதில் மூன்று காரியங்களைக் கவனிப்போம். முதலாவது, பத்துக் குறைகளை ஒரே நாளில் விரட்ட அவர் சொல்லவில்லை, ஒன்றே ஒன்று. இரண்டாவது, "நான் கெட்டவன்" என்று புலம்பச் சொல்லவில்லை; எண்ணச் சொன்னார். மூன்றாவது, பக்கத்து வீட்டாரோடு ஒப்பிடச் சொல்லவில்லை. நேற்றைய நம்மோடு மட்டும் ஒப்பிடச் சொன்னார்.

எத்தனை நாள் ஆகும்?

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல. இலண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. மதிய உணவோடு பழம் உண்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது போன்ற ஒரு புதிய செயலை ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்தனர். அது தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின. ஆனால் சிலருக்கு 18 நாள்களே போதும். வேறு சிலருக்கு 254 நாள்கள் தேவைப்படும் என்று கணக்கிட்டனர். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. எனவே ஒரு நாள் தவறியதும் "எல்லாம் போயிற்று" என்று கைவிட வேண்டியதில்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

மயங்க வேண்டாம்

"நாள்தோறும் ஒரு விழுக்காடு முன்னேறு, ஓர் ஆண்டில் 37 மடங்கு வளர்வாய்" என்று மேடைகளில் சொல்வார்கள். அது வட்டிக் கணக்கு. மனிதக் கணக்கு அல்ல. கிராஸ்மன் என்ற ஆய்வாளர், சுருட்டுத் தயாரிக்கும் தொழிலாளரின் வேகத்தை ஆராய்ந்து 1959-ல் எழுதினார். தொடக்கத்தில் வேகம் விரைவாகக் கூடியது. போகப் போக மெதுவாகவே கூடியது. ஆனாலும் முன்னேற்றம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. நம் பீடித் தாய்மாருக்கு இது சொல்லாமலே தெரியும். முப்பதிலிருந்து முந்நூறு விரைவில் வரும். தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரத்துக்கு வருவதுதான் கடினம். அந்த மெதுவான காலத்தில்தான் பலர் "இதற்குமேல் வராது" என்று நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனநிலை மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. வளரும் மனநிலையைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியே தரப்பட்டது. படிப்பில் பின்தங்கியவர்களின் மதிப்பெண், 4-க்குக் கணக்கிடும் அளவில் 0.1 உயர்ந்தது. சிறிய உயர்வுதான். அதுவும், சவாலான பாடத்தை ஏற்க உடன் மாணவர் ஊக்குவித்த பள்ளிகளில்தான் அதிகம். விதை நல்லதாயினும் மண்ணும் வேண்டும். பசியோடு வரும் பிள்ளையிடம், "உன் மனநிலைதான் காரணம்" என்று சொல்வது அநீதி.

நாம் என்ன செய்யலாம்?

1. ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வோம். "நன்றாகப் படிப்பேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "நாள்தோறும் மூன்று கணக்குப் போடுவேன்" என்று அளவாகச் சொல்வோம்.

2. ஏற்கெனவே உள்ள ஒரு வேலையோடு அதைச் சேர்த்துக் கட்டுவோம். விளக்கு ஏற்றியதும், சாப்பிட்டுக் கை கழுவியதும் என்று நேரம் குறித்துக்கொள்வோம்.

3. ஒரு தாளில் புள்ளி வைப்போம். கண்ணில் படும் இடத்தில் அது இருக்கட்டும்.

4. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறினால், இன்னும் கடுமையாக முயல்வதற்கு முன் வேறு வழியைத் தேடுவோம். தெரிந்தவரிடம் கேட்போம். தேவையானால் கீழ் வகுப்புக்கு இறங்குவோம்.

5. வீட்டில் "உனக்கு வராது" என்ற சொல்லை ஒரு மாதம் நிறுத்தி வைப்போம். ஐம்பதைக் கடந்த நாமும் "கணினி நமக்கு வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அதைச் சொல்வதில்லை. ஓர் இளைஞரிடம் கேட்டு நாளுக்கு ஒரு காரியமாகக் கற்றுக்கொள்கிறோம்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? பனியன் கம்பெனிப் பயணத்தைத் துணைத் தேர்வு முடியும்வரை தள்ளிவைக்கத் தாய் இசைந்தார். நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவனைக் கவனித்தார். இரண்டே நாளில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். பத்தாம் வகுப்புக் கணக்கு அவனுக்குச் சிக்கலே இல்லை. ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு புரியாமல் நின்றவன், அன்று முதல் எதுவும் புரியாமலே வகுப்பு ஏறி வந்திருந்தான். எனவே பின்னத்திலிருந்து தொடங்கினார்கள். மாலையில் தாய் சுளகை எடுத்து அமர்ந்ததும், மகன் நோட்டோடு அருகில் அமர வேண்டும் என்பது ஏற்பாடு. போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. இடையில் காய்ச்சலில் நான்கு நாள் புள்ளி இல்லை. ஐந்தாம் நாள் மீண்டும் புள்ளி இருந்தது.

துணைத் தேர்வில் அவன் பெற்றது 38. செய்தித்தாளில் வரும் மதிப்பெண் அல்ல. ஆனால் முடிவு வந்த அன்று அந்தத் தாய் நம்மிடம், "பாஸ் ஆயிட்டான் சாமி" என்று சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி, "இவனுக்கு இங்கிலீஷ் இன்னும் வரல" என்றார். அந்த "இன்னும்" நம் செவியில் இனிமையாக விழுந்தது.

அன்பர்களே, எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. நம் வீட்டில் யாரை நோக்கி "வராது" என்று சொல்லியிருக்கிறோம்? நம்மைப் பற்றி நாமே எதில் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? இன்றிரவு ஒரு தாளை எடுப்போம். ஒரு கோடு போடுவோம். நாளை அதில் ஒரு புள்ளி வைப்போம்.